பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

பழைய பைக் பற்றிய கேள்விகள் மேஜையில் குவிந்துவிட்டன. எல்லாமே டெல்லி கரோல் பாக் பைக் சந்தையைச் சுற்றியவை. எல்லாமே மலை, மண், மேடு, பள்ளம் என்று எங்கும் போகிற ரகத்து வண்டிகள். அதனால் இந்த முறை அரசியல், சினிமா, ஆன்மிகத்துக்கு விடுமுறை.

கேள்வி: என் மகன் கரோல் பாக் நாயிவாலா கலியில் 2016 மாடல் ஹிமாலயன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். "அங்கிள், மக்கன் கண்டிஷன்" என்று வெண்ணெய்க்கு ஒப்பிட்டுக் கடைக்காரர் சத்தியம் செய்கிறார். என்ன விலை கொடுக்கலாம்? (மயூர் விஹாரிலிருந்து ஓர் அப்பா)

பதில்: முதலில், பேரத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்கே கடைக்காரர் ஐயாயிரம் கூட்டுவார்.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆர்சியை வாங்கிப் பாருங்கள். டெல்லியில் வண்டிக்கு இரண்டு வயது: இரும்பின் வயது, காகிதத்தின் வயது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரும்பு முப்பது வருஷம்கூட ஓடும். காகிதம் பதினைந்தோடு சரி. பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம் என்று 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் கோடு போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிக்கு பங்கில் பெட்ரோலே கிடையாது என்று கேமராவெல்லாம் வைத்து ஆரம்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதைக் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அதே நீதிமன்றம், அந்தச் சலுகை பிஎஸ்-4 மாசுத் தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும்தான் என்று சுருக்கியது.

உங்கள் மகன் பார்த்து வைத்திருப்பது இந்தச் சுருக்கத்துக்கு வெளியே நிற்கிற வண்டி. 2016 மார்ச்சில் ஹிமாலயன் வந்தபோது மும்பை ஷோரூம் விலை 1.55 லட்சம். அந்த முதல் வண்டிகள் கார்புரேட்டர் வைத்த பிஎஸ்-3. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு பிஎஸ்-3 வண்டியைப் புதிதாக விற்கக் கூடாது என்று தடை வந்தது. அதே வருஷம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு பிஎஸ்-4 வந்தது. 2018-ல் ஏபிஎஸ், 2020-ல் பிஎஸ்-6. கரோல் பாக் நடைபாதையில் இந்த நான்கும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரே 411 சிசி, ஒரே முகஜாடை. விலையில் மட்டும் ஒரே ஜாடை இருக்கக் கூடாது. 2016 வண்டிக்கு டெல்லியில் 2031-தான் கடைசி. அதற்கப்புறம் அதை வாங்க வருகிறவர் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரராகத்தான் இருப்பார்.

ஆகவே கணக்கு இது. பக்கத்தில் நிற்கும் பிஎஸ்-4-க்கு என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு மிச்சம் எத்தனை வருஷம், இதற்கு எத்தனை வருஷம் என்று பார்த்து அந்த விகிதத்தில் குறையுங்கள். பிறகு உங்கள் சொந்த மெக்கானிக்கைக் காட்டி, இரண்டு டயர், செயின் ஸ்ப்ராக்கெட், கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பேட்டரி என்று எது எது போயிருக்கிறதோ அதற்கெல்லாம் ஒரு எஸ்டிமேட் எழுதச் சொல்லுங்கள். அதையும் கழியுங்கள். கடையில் நிற்கிற மெக்கானிக்கிடம் கேட்டால் எஸ்டிமேட் பூஜ்யம் வரும். மக்கனுக்கு எதற்கு எஸ்டிமேட்?

கேள்வி: மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீட்டரை விட்டுவிடுங்கள். அதை மாற்றுவது சுலபம், காலை வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டை மாற்ற யாருக்கும் தோன்றாது. 18,000 ஓடிய வண்டியில் அதன் விளிம்பு கூர்மையாக இருக்கும். 60,000 ஓடியதில் திருப்பதி லட்டு மாதிரி உருண்டிருக்கும். பின் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தை விரல் நகத்தால் தடவுங்கள். கரை கட்டியிருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. அதே டிஸ்க் பளபளவென்று புதிதாக இருந்தால், 18,000-த்துக்குள் டிஸ்க் ஏன் மாற்றினீர்கள் என்று சாவகாசமாகக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் ஒரு டீ குடிக்கலாம். டீ அவர் செலவு.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பார்த்துச் சொல்வார்கள். உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போனால் சீக்கிரம் சொல்வார்கள். அவர் வர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

கேள்வி: தார் ரோட்டிலும் ஓடும், மண் ரோட்டிலும் ஓடும் என்று இந்த வண்டிகளுக்கு இத்தனை பெருமை. எங்கள் ஊர் டிவிஎஸ் 50 இரண்டிலும் ஓடியதே! (தஞ்சாவூரிலிருந்து வந்து கரோல் பாக்கில் நிலைத்துவிட்டவர்)

பதில்: ஓடியது. எல்லாவற்றையும் தாங்கியது உங்கள் முதுகு. இந்த ரகத்து வண்டிகளில் அந்த வேலையை ஸ்ப்ரிங் பார்த்துக்கொள்கிறது.

1968-ல் யமஹா டிடி-1 அமெரிக்காவில் தாரிலும் மண்ணிலும் ஓட்டுகிற ஆசையைக் கிளப்பிவிட்டது. 1978 டிசம்பர் 26-ம் தேதி பாரிஸில் கிளம்பிய முதல் பாரிஸ்–டாகார் ரேலியில் சிரில் நெவ்யூ ஜெயித்ததும் யமஹாவின் எக்ஸ்டி 500-ல்தான். ஆனால் டிவிஎஸ்ஸை இளக்காரம் பண்ணவேண்டாம். 2024 டாகாரில் ரேலி-2 பிரிவில் முதலில் வந்த ஷொரனூர்க்காரர் ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டியவர்.

உங்கள் கேள்விக்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. ஹிமாலயனில் முன்னால் 21 அங்குலச் சக்கரம், 200 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிற ஃபோர்க், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். கூடுதல் காசு இதற்குத்தான். பழசாகும்போது முதலில் தேய்வதும் இவைதான். எல்லாரும் எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுக்கிறார்கள். யாரும் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்புங்கள். நேர் நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் கோன் செட் போய்விட்டது. சின்ன ஸ்பானரால் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஜலதரங்கம் மாதிரி கேட்டால் சரி. நடுவில் ஒன்றிரண்டு 'தொப்' என்றால் தொய்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டுங்கள். புள்ளிப் புள்ளியாகத் தட்டினால் துரு. எத்தனை முறை ஆயில் சீல் மாற்றினாலும் மறுபடி ஒழுகும். இவ்வளவையும் நீங்கள் செய்து முடிப்பதற்குள் கடைக்காரர் தானாகவே இரண்டாயிரம் குறைத்திருப்பார்.

கேள்வி: டெல்லியில் விலை மலிவு என்கிறார்கள். கரோல் பாக்கில் வாங்கி அப்படியே சென்னைக்கு ஓட்டி வந்துவிடலாம் என்று திட்டம். (வேளச்சேரி, ஐ.டி. இளைஞர்)

பதில்: மலிவுக்குக் காரணம் மேலே சொன்ன காகித வயது. சென்னையில் அந்த 15 வருஷத் தடை கிடையாது. எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே டெல்லியில் சாகப்போகிற வண்டிக்குச் சென்னையில் மறுவாழ்வு உண்டு என்கிற உங்கள் கணக்கு தப்பில்லை. அது பாதிக் கணக்கு.

மீதியைச் சொல்கிறேன். டெல்லி ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி வாங்கவேண்டும். வண்டி கடனில் எடுத்ததென்றால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் அடமானம் ஆர்சியை விட்டுப் போகாது. நிலுவையில் அபராதம் இருந்தால் அதைக் கட்டித் தீர்க்கவேண்டும். டெல்லி கேமராக்கள் சுறுசுறுப்பானவை, முந்தைய ஓனரும் சுறுசுறுப்பானவராக இருந்திருக்கலாம். சென்னைக்குப் போனதும் ஆயுட்கால வரியைத் தமிழ்நாட்டுக்குத் தனியாகக் கட்டவேண்டும். டெல்லி நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நடுவே 2,200 கிலோமீட்டர் சாலை, பெட்ரோல், தங்கும் செலவு. ரயிலில் போட்டால் பார்சல் கட்டணம். இவ்வளவையும் கூட்டுங்கள். வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே ஒருவர் அதே வண்டியை வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று: ஹிமாலயன் பிறந்ததே உங்கள் ஒரகடத்துப் பக்கம். திருநெல்வேலிக்காரர் டெல்லிக்கு வந்து அல்வா வாங்குவாரா?

கேள்வி: என்னிடம் 2011 ஹீரோ இம்பல்ஸ் இருக்கிறது. ஒரே ஓனர், நான்தான். விற்றால் என்ன வரும்? (ரோஹிணி வாசகர்)

பதில்: உங்களுக்குக் கண்ணீர் வரும். மற்றதைப் பார்ப்போம்.

அந்த வண்டியின் மேல் எனக்கும் ஒரு பட்சபாதம் உண்டு. ஹீரோவும் ஹோண்டாவும் 2010 டிசம்பரில் பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போட்டன. அடுத்த வருஷமே தனிக்குடித்தனம் போன ஹீரோ துணிச்சலாக இறக்கிய வண்டி இது. பிரேசிலில் ஹோண்டா விற்ற ப்ராஸ் வண்டியின் வம்சம். 149 சிசி, 13 குதிரை, 134 கிலோ, 245 மில்லிமீட்டர் தரை உயரம். உடம்பு மலையேறத் தயார், நெஞ்சு மட்டும் ஆபீஸ் போகிற பைக்குடையது. இவ்வளவு உயரமான வண்டியில் ஏன் இவ்வளவு சின்ன எஞ்சின் என்று கேட்டவர்கள் வாங்கவில்லை. கேட்காமல் வாங்கியவர்கள் இன்றும் விற்கவில்லை. விற்பனை சோபிக்காமல் சில வருஷங்களில் நின்றது. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகுதான் இந்த ரகம் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது.

விலை விஷயத்துக்கு வருவோம். எஞ்சின் பிரச்சினை இல்லை. ஹங்க்கும் சிபிஸெட் எக்ஸ்ட்ரீமும் இதே எஞ்சின் குடும்பம். பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் கரோல் பாக்கில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். உயரத்தில் இருக்கிற முன் மட்கார்டு, டேங்க் பக்கத்து பிளாஸ்டிக், பின் மோனோஷாக், இவைதான் குதிரைக்கொம்பு. ஆகவே உங்கள் வண்டியில் பிளாஸ்டிக் உடையாமல், மோனோஷாக் ஒழுகாமல் இருந்தால், எஞ்சின் புகை விட்டாலும் விலை உண்டு. நேர்மாறாக, எஞ்சின் தங்கம், பிளாஸ்டிக் எல்லாம் ஒட்டுப் போட்டது என்றால் பாதிதான். மற்ற பைக்குகளில் உள்ளே பார்த்து விலை சொல்வார்கள். இம்பல்ஸுக்கு மட்டும் வெளியே பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் காகிதம்? 2011 வண்டிக்கு டெல்லியில் 2026-ல் 15 முடிகிறது. பிஎஸ்-3. சலுகை கிடையாது. ஆர்சி முடிகிற தேதிக்கு முன்னாலேயே என்ஓசிக்கு விண்ணப்பியுங்கள். வாங்குகிறவர் ஊர் ஆர்டிஓ இந்த வயதில் வண்டியை ஏற்றுக்கொள்ளுமா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். தேதிக்கு முன் கையில் என்ஓசி இருந்தால் உங்களிடம் இருப்பது அபூர்வ பைக். தேதி தாண்டினால் எடை போட்டு வாங்குகிற இரும்பு. அதே வண்டி, அதே நீங்கள்.

கேள்வி: டேங்கில் 'கர்துங்லா 18,380 அடி' ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: லடாக் கணவாயான கர்துங்லாவின் உயரம் சுமார் 17,582 அடி. 18,380 என்பது அங்கே பலகையில் எழுதியிருந்தது. மலையே எண்ணூறு அடி கூட்டிச் சொன்ன இடத்திலிருந்து வந்த வண்டி.

ஸ்டிக்கருக்குக் குறைத்துத்தான் கேட்கவேண்டும். மணாலி–லே பாதையில் பனி உருகி ஓடுகிற நாலாக்களில் முழங்கால் தண்ணீரில் இறங்கியிருக்கும். கீழே எஞ்சினுக்குக் கவசமாக இருக்கிற தகட்டைக் குனிந்து பாருங்கள்; நசுங்கல்கள் அதன் பயண நூல். தகடு புத்தம் புதிதாக இருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: வாடகைக்கு விட்ட வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நியாயமாக விட்டதென்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, எம்பரிவாஹன் செயலியில் வாகன வகை 'வாடகைக்கு' என்று வரும். அநியாயமாக விட்டது வெள்ளைப் பலகையோடு ஒரு குடும்பஸ்தன் மாதிரி நிற்கும். அதற்கு வேறு அடையாளம். லீவர் நுனி, ஹேண்டில் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி மூன்றும் இரண்டு பக்கமும் உராய்ந்திருக்கும். ஒரே ஆள் ஓட்டினால் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் விழுவார். பல பேர் ஓட்டினால் பாரபட்சம் இல்லாமல் விழுவார்கள். ஃப்ரேம் கழுத்தில் ஹேண்டில் வந்து முட்டுகிற சின்னக் கட்டையையும் பாருங்கள். பெயின்ட் வெடித்து நசுங்கியிருந்தால் பெரிய விழுகை. அந்த வண்டியை விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பழைய எக்ஸ்பல்ஸ் பார்த்தேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டு என் தம்பியிடமே விலை பேசுகிறார். (துவாரகா வாசகி)

பதில்: பேசட்டும். அந்த நேரத்தில் நீங்கள் செயினைப் பாருங்கள்.

எக்ஸ்பல்ஸ் சீட் 820 மில்லிமீட்டரைத் தாண்டும், ஹிமாலயன் 800. ஆனால் எடையில் ஹிமாலயன் நாற்பது கிலோ வரை அதிகம். ஒற்றைக் காலை ஊன்றி நிறுத்தத் தெரிந்தால் உயரம் பொருட்டல்ல. சாய்ந்ததைத் தூக்க எடை பொருட்டு. எக்ஸ்பல்ஸையே எடுங்கள்.

விலையில் உங்களுக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. புதிய எக்ஸ்பல்ஸ் விலையே இறங்கிவிட்டது. பழையதை மட்டும் பழைய விலையிலேயே சொல்வார்கள். 350-க்கு மேல் 40 சதவீதம் என்பதால் ஹிமாலயன்காரர்களுக்கு விலை ஏற்றிச் சொல்ல ஒரு சாக்கு உண்டு. எக்ஸ்பல்ஸ்காரருக்கு அது கிடையாது. இதைத் தம்பியிடம் சொல்லாமல் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: யமுனை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ என்று பயம்.

பதில்: பயம் நல்லது. 2023 ஜூலை 13-ம் தேதி யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978-ன் சாதனையை முறியடித்தது. அப்போது தாழ்வான பகுதிகளில் மூழ்கியவை எல்லாம் கபாடிக்குப் போயிருக்கும் என்று நம்புவதற்கு நாம் குழந்தைகள் அல்ல. சென்னைக்காரர்களுக்கு 2015-ம் 2023-ம் நினைவிருக்கும்.

சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழுவுகிறவர்கள் டேங்கைக் கழுவுவார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையைக் கழுவ மாட்டார்கள். அங்கே மாவு போல வண்டல் இருக்கும். ஒயர் இணைப்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், செம்பில் பச்சை பூத்திருந்தால் அது குளித்த வண்டி. எஞ்சின் ஆயில் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால், காபி நமக்குப் பிடிக்கும்தான், இங்கே வேண்டாம்.

கேள்வி: பேரம் பேசத் தெரியாது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. கரோல் பாக்கில் நேர்மாறு. பக்கத்துக் கடைக்காரர், டீ கொண்டுவருகிற பையன், வேலையில்லாத ஒரு சர்தார்ஜி, எல்லோரும் சேர்ந்து உங்களுக்கு விலையை நியாயப்படுத்துவார்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது தானமில்லை.

பேசத் தெரியாதவர்களுக்குக் காலண்டர் உதவும். மே மாதம் லடாக் ஜுரம் ஏறும், இந்த ரகத்து வண்டிகளும் ஏறும். பனி விழுந்து பாதை மூடியதும், கோடையில் வாங்கியவர்களும் வாடகைக்கு விட்டவர்களும் விற்க வருவார்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். சும்மா நின்றாலே குறையும்.

இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கிற ஐடிவியைக் காட்டிப் பேரம் பேசலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஐந்து வருஷம் வரைதான் அதற்கு அட்டவணை. ஐந்தாவது வருஷம் பாதி விலை. அதைத் தாண்டினால் கம்பெனியும் நீங்களும் பேசி வைத்துக்கொள்வதுதான். அதாவது அவர்களும் பேரம்தான்.

கேள்வி: போன வருஷம் வண்டியை விற்றுவிட்டேன். அபராதச் சலான் இன்னும் என் போனுக்கே வருகிறது.

பதில்: அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் விற்கவில்லை. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கை மாறிக் கை மாறிப் போயிருந்தாலும் முதல் பெயர்தான் மாட்டும். படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கடைக்காரர் மேஜை டிராயரில் விட்டு வந்திருப்பீர்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கும். இன்றைக்கே போய் எடுத்து, வாங்கியவர் பெயரில் ஆர்டிஓவில் பதியுங்கள். விற்றவர் 14 நாளுக்குள், வெளி மாநிலமென்றால் 45 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டியதற்கு ஏதாவது கட்டச் சொல்வார்கள். கட்டுங்கள். அடுத்து வருவது சலானாக இல்லாமல் சம்மனாக இருந்தால் இதைவிட அதிகம் ஆகும்.

கேள்வி: திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு கரோல் பாக் வரலாமென்று இருக்கிறேன்.

பதில்: வாருங்கள், கூட்டமே இருக்காது. கடைகளும் இருக்காது, திங்கள் அங்கே வார விடுமுறை. செவ்வாய்க்கிழமை வண்டி வாங்க வீட்டில் விடமாட்டார்கள், ஆனால் ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. செவ்வாய் டெல்லிக்கு அனுமார் நாள். ஜண்டேவாலானில் 108 அடி அனுமாரின் காலடியில் போக்குவரத்து அங்குலம் அங்குலமாக நகரும். முன்பே சூடேற்றி வைக்காத வண்டியை வாங்கிக்கொண்டு அந்த நெரிசலில் அரை மணி நேரம் நுழைந்து வாருங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, நியூட்ரல் விழுகிறதா, சூடானதும் எஞ்சின் முனகுகிறதா, எல்லாம் தெரிந்துவிடும். சரியாக இருந்தால் டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தை மறுநாள் கொடுக்கலாம். பொன் கிடைத்தாலும் கிடைக்காத புதன்தானே அது.